இரண்டாம் மனுதாரர்

ஜீவனாம்ச மனு ஒன்றின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மனைவி 1-ஆம் மனுதாரர். அவருக்குக் கீழே, 'மைனர், இவருக்காக இவரது தாயாரும் காப்பாளருமான 1-ஆம் மனுதாரர்' என்ற நீளமான வரியோடு குழந்தை 2-ஆம் மனுதாரர். இரண்டு பிள்ளைகள் என்றால் இன்னொன்று 3-ஆம் மனுதாரர். அதற்கப்புறம் பக்கம் பக்கமாக அம்மா அப்பா கதைதான் ஓடும். பிள்ளை மறுபடி தலைகாட்டுவது கடைசிப் பத்தியில், 'மாதம் இவ்வளவு ரூபாய் வழங்க உத்தரவிட வேண்டும்' என்கிற இடத்தில்தான்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்று கொடுக்கும் போனஃபைடு சான்றிதழ் என்றே என் காலம் போனது. இப்போது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. மனு எழுதுவதற்கு முன்னால், வருகிறவர்களின் காகிதங்களை வாங்கிப் பார்த்து, எது இருக்கிறது, எது இன்னும் வேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. அந்த மேஜையில் உட்கார்ந்ததிலிருந்து ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளையின் வழக்கு ஒரு தனி வழக்கு. அதற்கு வேண்டிய ஆதாரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் எடுத்து வர மறந்துவிடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தார். "எல்லா ஆதாரமும் இருக்கு மேடம்" என்று பையிலிருந்ததை மேஜையில் கொட்டினார். கல்யாண ஆல்பம், ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த வசவுகளை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்ட கத்தை, சீர் சாமான் வாங்கிய பில்கள். ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, "பையனோட பிறப்புச் சான்றிதழ் எங்கம்மா?" என்று கேட்டேன். "அது அவங்க வீட்டு பீரோவுல மாட்டிக்கிச்சு மேடம்." பள்ளிக்கூடத்தில் ஒரு போனஃபைடு? "கேட்டா தருவாங்களா?" ஃபீஸ் கட்டிய ரசீது? கட்டியது அவர் அண்ணன். ரசீது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கணவர் எவ்வளவு மோசமானவர் என்று காட்ட ஒரு மூட்டை இருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் பையனுக்கென்று ஒற்றைத் தாள் இல்லை.

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பட்ட அடி மனதில் இருக்கும்போது அதைத்தான் எடுத்துக்கொண்டு வரத் தோன்றும். ஆனால் சட்டம் பிள்ளையைப் பார்க்கிற விதம் வேறு. மனைவியின் கோரிக்கையை மறுக்கச் சட்டத்திலேயே சில காரணங்கள் இருக்கின்றன: வேறொருவரோடு தகாத உறவில் வாழ்கிறார், தகுந்த காரணம் இல்லாமல் கணவரோடு வாழ மறுக்கிறார், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறார்கள் என்றெல்லாம். ஜீவனாம்சம் பற்றிய இந்த விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. அந்தக் காரணங்கள் மனைவிக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. அம்மா வீட்டை விட்டு வந்தது சரியா தவறா என்று எத்தனை வாய்தா வேண்டுமானாலும் வாதாடட்டும், பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அந்த வாதத்தோடு சம்பந்தம் இல்லை. பிள்ளை விஷயத்தில் கோர்ட் கேட்பது இவ்வளவுதான்: இது இவருடைய பிள்ளையா, வயது என்ன, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறதா, கொடுக்க வசதி இருந்தும் இவர் கொடுக்காமல் இருக்கிறாரா.

திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இந்தப் பிரிவில் உரிமை உண்டு, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவதாகத் தாலி கட்டப்பட்ட பெண்கள் என் மேஜைக்கு வந்து, "எனக்கே கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைக்கு எங்க கிடைக்கப்போகுது" என்பார்கள். அவர்களுடைய நிலை சிக்கல்தான், ஆனால் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. மதமும் இதில் குறுக்கே வராது. முஸ்லிம் பெற்றோரின் பிள்ளைகளும் 125-ஆம் பிரிவில் கேட்கலாம், விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்காது என்று நூர் சபா கதூன் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். இங்கேதான் என் பள்ளிக்கூட அனுபவம் கை கொடுக்கிறது.

முதலில் பிறப்புச் சான்றிதழ். கணவர் வீட்டு பீரோவில் மாட்டிக்கொண்டதை நினைத்துத் தயங்க வேண்டாம், அசல் பதிவு அங்கே இல்லை. பிறப்பு எந்த ஊராட்சியிலோ நகராட்சியிலோ பதிவானதோ அங்கே இருக்கிறது, நகல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சமீப வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். நகல் கைக்கு வந்ததும் நான் பார்க்கிற முதல் கட்டம், குழந்தையின் பெயர். அது காலியாக இருக்கும் சான்றிதழ்கள் எத்தனையோ வருகின்றன. ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு சேர்க்கவும் மறந்திருப்பார்கள். பெயரைச் சேர்க்கப் பிறப்பைப் பதிந்ததிலிருந்து 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. அதைச் சேர்த்துவிட்டால் ஒரு வாதம் குறைகிறது.

அடுத்தது அப்பாவின் பெயர். பிறப்புச் சான்றிதழில் முருகேசன், ஆதாரில் முருகேஷ், பள்ளிப் பதிவேட்டில் எம். முருகேசன், கல்யாணப் பத்திரிகையில் முருகேச பாண்டியன் என்று நான்கு விதமாக இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், இது வேறு முருகேசன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று. இதற்கு வைத்தியம் ரொம்ப எளிது. மனுவிலேயே 'முருகேசன் என்கிற முருகேஷ் என்கிற முருகேச பாண்டியன்' என்று எல்லாப் பெயரையும் எதிர்மனுதாரர் பெயராக எழுதச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு ஆவணத்தில் அவருடைய போட்டோவும் பிள்ளையின் பெயரும் சேர்ந்திருந்தால் அதையும் வையுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவர் பெயரும் இருக்கிற பழைய குடும்ப அட்டையின் நகலை நான் ஆசையோடு தேடுவேன்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. பிரிந்து வந்ததும் புதுப் பள்ளியில் சேர்க்கும்போது, கோபத்தில் அம்மாவின் பெயரை இனிஷியலாகப் போட்டுவிடுவார்கள். அதில் தப்பே இல்லை, வளர்ப்பவள் அவள்தானே. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியலும் பள்ளிச் சான்றில் வேறொரு இனிஷியலும் இருந்தால், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். பழைய பள்ளியிலிருந்து எடுத்து இங்கே சேர்த்த அதே பிள்ளைதான் என்று அந்த ஒரு தாள் காட்டிவிடும். புதுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழின் எண் குறிக்கப்பட்டிருக்கும், அலுவலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பிறந்த தேதியில் வருகிற குழப்பம் இதைவிட மோசம். ஜூன் மாதத்துக்குள் வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொடுத்த பெற்றோர்கள் உண்டு. என் மேஜைக்கு முன்னால் நின்றே கெஞ்சியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு வருடம் மிச்சமானது போல இருக்கும். பதினெட்டு வரை வர வேண்டிய ஜீவனாம்சம் பதினேழிலேயே நின்றுபோகும்போதுதான் அந்த வருடம் எங்கே போனது என்று தெரியும். பிறப்புப் பதிவும் பள்ளிப் பதிவும் ஒத்துப்போகவில்லை என்றால், வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டி, அப்புறம் அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

போனஃபைடு சான்றிதழைப் பற்றி ஒன்று. கேட்டால் தருவார்களா என்று கேட்கும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன், அது உங்கள் பிள்ளையின் உரிமை. ஒரு வெள்ளைத் தாளில் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினால் போதும். காரணத்தில் 'நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய' என்று தயங்காமல் எழுதலாம். கட்டண ரசீது, வேன் பில், நோட்டுப் புத்தகப் பில், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் மாதவாரியாகப் போட்டுவையுங்கள். தகுதியை நிரூபித்த பிறகு அடுத்த கேள்வி எவ்வளவு என்பது. அதற்கு இந்தக் கவர்தான் பேசும். 2001 வரை இந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்ற உச்சவரம்பு இருந்தது. இப்போது உச்சவரம்பு இல்லை, எனவே செலவைக் காட்டினால் அர்த்தம் உண்டு.

இனி, எனக்குப் பேசவே கஷ்டமான விஷயம். "அது என் பிள்ளையே இல்லை." எதிர்மனுவில் இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சில சமயம் அது உண்மையான சந்தேகமாக இருக்கலாம். பல நேரம், மாதாமாதம் கொடுக்க வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட ஒரு வழி. வராண்டாவில் பிஸ்கட் தின்றுகொண்டு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும், உள்ளே அதன் பிறப்பையே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் இதில் பிள்ளையின் பக்கம் உறுதியாக நிற்கிறது. செல்லுபடியாகும் திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை, அல்லது திருமணம் முறிந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருக்க, 280 நாளுக்குள் பிறந்த பிள்ளை அந்தக் கணவருக்குப் பிறந்ததாகவே கொள்ளப்படும். கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் காட்டினால்தான் மாறும். பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இது, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 116. டி.என்.ஏ. பரிசோதனை கேட்ட உடனே கிடைத்துவிடாது. விவாகரத்து வழக்குகளில் பிள்ளைக்கு டி.என்.ஏ. பரிசோதனையை வழக்கமான ஒன்றாக உத்தரவிடக் கூடாது, தவிர்க்கவே முடியாதபோதுதான் என்று அபர்ணா ஃபிரோடியா வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக அறிவியலை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. நந்தலால் பட்வாயிக் வழக்கில், 2014-இல், பரிசோதனையே நடந்து அவர் தந்தை இல்லை என்று வந்த பிறகு, அந்த முடிவையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதுவரை அவர் கொடுத்திருந்த பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்றும் சொன்னது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆகவே திருமணப் பதிவுச் சான்றோ, அது இல்லை என்றால் பத்திரிகை, மண்டப ரசீது, போட்டோவோ உங்கள் கோப்பில் இருக்கட்டும். ஆல்பத்துக்கு உண்மையில் வேலை வருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் பதினெட்டு வயது. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதிலும் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள். உத்தரவில் 'மேஜர் ஆகும் வரை' என்று இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரியில் காலெடுத்து வைக்கும் நேரத்தில், செலவு கூடும் நேரத்தில், பணம் நிற்கும். 144-ஆம் பிரிவில் மேஜரான பிள்ளைக்கு வழி, உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலை இருந்தால்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சதவீதம் எத்தனை என்பதோடு, ஏன் சம்பாதிக்க முடியவில்லை என்று சொல்லும் மருத்துவரின் சான்றும் வேண்டும்.

ஆரோக்கியமாக இருக்கும், படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு என்ன வழி? இந்துக் குடும்பம் என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இருக்கிறது. திருமணம் ஆகாத மகள் தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாத வரை அவளைக் காப்பாற்றும் கடமை பெற்றோருக்கு உண்டு. 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது: மேஜரான, குறைபாடு இல்லாத மகள் 125-இல் கேட்க முடியாது, 20-ஆம் பிரிவில் கேட்கலாம், அதற்குத் தனியாக மனு போட வேண்டும். இதைத் தெரியாமல் பதினெட்டு முடிந்து, பணம் நின்று, ஒரு செமஸ்டர் போன பிறகு வருகிறார்கள். பதினேழிலேயே வக்கீலைப் பாருங்கள். அந்த மனுவில் மகளே மனுதாரர், அவள் கையெழுத்து வேண்டும். அவள் கல்லூரி போனஃபைடு, வருமானம் இல்லை என்ற அவளுடைய பிரமாணப் பத்திரம், வங்கிக் கணக்குப் பிரதி எல்லாம் அவள் பெயரில் இருக்க வேண்டும். பார்ட் டைமாக ஏதாவது சம்பாதித்தால் மறைக்க வேண்டாம், அது செலவுக்குப் போதாது என்று காட்டினால் போதும்.

மேஜரான மகனின் கல்லூரிப் படிப்புக்கு இந்த இரண்டு சட்டத்திலும் நேரடி இடமில்லை. எனக்கு இது சரியாகவே படவில்லை. பத்தொன்பது வயதுப் பையனும் அம்மாவின் சம்பளத்தில்தான் படிக்கிறான். அதனால் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், 'பட்டப் படிப்பு முடியும் வரை கல்விக் கட்டணம்' என்ற வரியை அப்போதே கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அதே ஒப்பந்தத்தில் 'குழந்தைக்கும் சேர்த்து மொத்தமாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்குவார்கள். அம்மா தன் உரிமையை விடலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன. கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

கொடுக்கிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை இன்னும் படிக்கிறதா, யாரிடம் இருக்கிறது, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வேலைக்குப் போகிறாளா என்று கேட்க அப்பாவுக்கு உரிமை உண்டு. நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்டு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் அவரும் மனு போடலாம், கூட்டக் கேட்டு நீங்களும் போடலாம். வருடத்துக்கு ஒருமுறை, ஜூனில் பள்ளி திறந்ததும், ஒரு போனஃபைடு நகலை வக்கீல் மூலமாகத் தானாகவே கொடுத்துவிடும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்குகளில் சண்டை குறைவு. எங்கே படிக்கிறது என்பதைச் சொல்ல பயம் இருந்தால், பள்ளியின் பெயரை மறைக்க வழி உண்டா என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள். பிள்ளை அப்பாவிடம் வளர்கிறது என்றால், 20-ஆம் பிரிவின் கடமை தாய்க்கும் உண்டு. சம்பாதிக்கிற அம்மாவிடம் அப்பா கேட்பது தப்பில்லை.

இவ்வளவு காகிதம் சொல்லிவிட்டேன். இதெல்லாம் சேரட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பில், 2020 நவம்பரில், ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்புதான். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம். மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உத்தரவு வந்த பிறகும் பணம் வரவில்லை என்றால், நிலுவை விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் 144-ஆம் பிரிவில் வாரண்ட் மூலம் வசூலிக்கும் வழி அடைபட்டுவிடும். பணத்தைக் கையில் வாங்காதீர்கள். பிள்ளையின் பெயரில் அம்மாவோடு சேர்த்து ஒரு கணக்கு திறந்து அதில் போடச் சொன்னால் யார் கொடுத்தது, எது நின்றது என்று பாஸ்புக்கே சொல்லும்.

அந்த மழைக்காலத்துப் பெண் அடுத்த வாரம் பேரூராட்சியில் பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்கி வந்தார். பெயர்க் கட்டம் காலி. பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டு, போனஃபைடையும் பழைய குடும்ப அட்டை நகலையும் வைத்து மனுவைத் தாக்கல் செய்தோம். இடைக்கால உத்தரவில் பையனுக்கென்று தனியாக ஒரு தொகை வந்தது, அவருக்கான கோரிக்கை இன்னும் விசாரணையில் இருக்கிறது.

இலவச சட்ட உதவிக்குப் பெண்களும் பிள்ளைகளும் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே எங்கள் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். வரும்போது பிள்ளையின் காகிதம் ஒன்றுகூட இல்லையென்றாலும் வாருங்கள். பிள்ளை பிறந்த ஊர், ஆஸ்பத்திரி, பிறந்த தேதி, முதலில் சேர்த்த பள்ளி, இந்த நான்கும் தெரிந்தால் போதும், மீதியை எங்கே கேட்டு வாங்குவது என்று நாங்கள் சொல்கிறோம்.